ஸ்டைலுக்குப் போட்ட லென்ஸ்

வீட்டில் எனக்கு இடிராணி என்று பெயர். வைத்தவள் அக்கா. கதவு நிலை, கட்டில் கால், எதிரே வருகிற ஆள் என்று பாரபட்சம் பார்க்காமல் இடிப்பேன். கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டும் பிரயோசனமில்லை. "எந்நேரமும் போனைப் பாத்தா இப்படித்தான்" என்று அம்மா ஒரே வரியில் வைத்தியம் முடித்துவிடுவாள்.

துணி கம்பெனியில் கட்டிங் மேஜை என்னுடையது. சாக்பீஸ் கோடு ஒன்று போட்டால் எனக்கு மூன்றாகத் தெரியும். நடுவில் இருப்பதை நம்பி வெட்டுவேன். ஒரு நாள் சட்டைக் கைகள் ஒரு கட்டு முழுக்கக் கோணலாகப் போயின. சூப்பர்வைசர் திட்டக்கூட இல்லை. "கண்ணைச் சரி பண்ணிட்டு வாம்மா, மேஜை உனக்குத்தான். அதுவரைக்கும் பேக்கிங்ல இரு" என்றார். பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. அந்த மேஜையைத் தவிர நான் உருப்படியாகச் சம்பாதித்தது எதுவும் இல்லை. அதை விட்டுவிட மனசில்லாமல்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கூட வந்தவள் அக்கா. ஒவ்வொரு முறையும் லீவு போட்டுவிட்டு வருவாள். கையைப் பிடித்துக்கொண்டு, படி வந்தால் "படி" என்பாள். எனக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்று நினைக்கும்போதே நெஞ்சு நிறையும்.

லென்ஸ் பொருத்துகிற அம்மா என் கண்ணின் படத்தைக் காட்டினார். கருவிழி உருண்டையாக இல்லாமல் கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது.

"சின்ன வயசுலயே தெரிஞ்சிருந்தா சொட்டு மருந்து விட்டு, லைட் சிகிச்சை பண்ணி, அதுக்கு மேல போகாம நிறுத்தியிருக்கலாம். இடது கண்ணுல தழும்பு விழுந்துடுச்சும்மா. அதுக்கு இனிமே மாற்றுக் கருவிழிதான். வலது கண்ணுக்கு ஸ்பெஷல் லென்ஸ் செஞ்சு பாக்கலாம். கண்ணை மட்டும் கசக்கவே கூடாது, கசக்கக் கசக்க இது ஜாஸ்தியாகும். குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "யாருக்கும் இல்லைங்க" என்றாள்.

லென்ஸ் வந்த அன்று பார்த்தால், சின்னக் கிண்ணம் மாதிரி இருந்தது. அக்காவும் லென்ஸ் போடுகிறவள்தான்; கண்ணாடி போட்டால் முகம் எடுப்பாக இல்லை, ஸ்டைலுக்குப் போடுகிறேன் என்பாள். அவள் புருஷன், எங்கள் மாமா, அவளை அதற்காகவே ஓட்டுவார். "ஸ்டைலுக்குப் போடுற சாதா லென்ஸ் கருவிழி மேலயே ஒட்டிக்கும்" என்றார் லென்ஸ் அம்மா. "இது கருவிழியைத் தொடாம தாண்டிப் போயி வெள்ளையில உக்காரும். நடுவுல உப்புத் தண்ணி நிக்கும்." குண்டும் குழியுமான ரோட்டில் மழைத் தண்ணீர் நின்றால் மேலே சமமாகிவிடுமே, அந்தக் கணக்கு.

முகத்தை மேஜைக்கு நேராகக் கவிழ்த்துக்கொண்டு, தண்ணீர் ததும்பும் லென்ஸைக் கீழேயிருந்து கண்ணுக்குக் கொண்டு போக வேண்டும். முதல் தடவை உள்ளே காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை உட்கார்ந்தது. நிமிர்ந்தேன்.

லென்ஸ் அம்மாவின் கோட்டுப் பையில் ஒரு தையல் விட்டுப் போயிருந்தது தெரிந்தது. சிரித்துவிட்டேன். ஒற்றைத் தையல்! மேஜை கிடைத்துவிட்டது என்று அங்கேயே முடிவு செய்தேன். கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழியில், கருவிழிக்கு ரொம்பத் தள்ளி, மெல்லிய வட்டம். லென்ஸின் ஓரம்.

அடுத்துப் பார்க்க வேண்டிய முகம் அக்காவுடையது. தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அவள் கண் கலங்கியிருந்தது. இரண்டு கண்களிலும் வெள்ளை விழியில், கருவிழிக்கு ரொம்பத் தள்ளி, அதே வட்டம்.

ஸ்டைலுக்குப் போட்ட சாதா லென்ஸ் இல்லை அது. அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"எப்பலேருந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து. லைட் சிகிச்சையும் பண்ணிக்கிட்டேன். அம்மாதான் வெளிய மூச்சு விடாதேன்னா. பொண்ணு கண்ணுல கோளாறுன்னா யாரு எடுப்பாங்க? உன் நல்லதுக்கும் சேர்த்துதான்டி."

"என் நல்லதுக்கா? நான் அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன். உன் பக்கத்துல படுத்துக்கிட்டுத்தான் விடிய விடியக் கண்ணைக் கசக்குவேன். பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"உனக்கும் வரும்னு சத்தியமா நினைக்கலடி. எனக்கு அப்ப என்ன தெரியும்?"

அழுதாள். என் கோபம் பாதி இறங்கியது. பயந்தவள், விவரம் தெரியாதவள், அம்மா சொன்னதைக் கேட்டவள். எல்லாம் போக, கூடப் பிறந்தவள். மன்னிக்க ஆரம்பித்துவிட்டேன் என்றே சொல்லலாம். அப்போதுதான் அவள் மகள் ஞாபகம் வந்து எனக்குப் பகீரென்றது.

"ஐயோ, பாப்பாவுக்கு? அவளுக்கும் பாத்துடணுமே!"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் அக்கா, பேச்சு மாறிய நிம்மதியில். "ஸ்கூல் சேத்ததுலேருந்து வருஷா வருஷம் செக் பண்ணிட்டுத்தான் வரேன். கண்ணுகிட்டக் கை போனாலே அடிதான்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் கணக்குப் போட்டேன். வழி வழியாக வருமென்று தெரிந்தவள். வருஷா வருஷம் மகளைக் காட்டிவிட்டு, அதே கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, நிலையில் இடித்துக்கொண்ட என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அம்மா மறைத்ததைக்கூடத் தாங்கிக்கொள்வேன். இவள் கையைப் பிடித்துக்கொண்டல்லவா வந்தேன்.

மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன்.

"மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதடி. அவருக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள்.

"சொல்ல மாட்டேன். நீ வீட்டுக்குப் போ."

"நீ எப்படித் தனியா வருவே?"

"எனக்குத்தான் கண்ணு தெரியுதே."

தயங்கித் தயங்கிப் போனாள். வராந்தாவின் கடைசி வரைக்கும் அவள் கலங்காமல், இரண்டாகாமல், துல்லியமாகத் தெரிந்தாள். எனக்கு அப்படிப் பார்க்கப் பிடிக்கவில்லை.

உள்ளே போனேன். லென்ஸை எப்படிக் கழற்றுவது என்று சொல்லித்தர லென்ஸ் அம்மா தயாராக இருந்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு அழலாமாங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னையும் காலியான பக்கத்து நாற்காலியையும் பார்த்தார். "அழலாம்மா, லென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது" என்று கதவைச் சாத்தினார்.