மரகதத்தைப் பயமுறுத்தியவன்

பசை உலர்ந்துகொண்டிருக்கிறது, இடது கன்னத்தில் மட்டும், கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை சதை கிழிந்து எலும்பு தெரியும் அந்த முகத்துக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், வலது பக்கம் சாதாரண மனிதன், அந்தப் பக்கத்து வாயால் இட்லி தின்கிறான், சட்னி எங்கே என்கிறான், வாயை மூடு, பசை விட்டுடும் என்கிறேன், கேமரா எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான் நாங்கள் பேய் போடுவோம், மறுபக்கம் பெற்றவர்கள் போட்டது அப்படியே இருக்கும், கோடம்பாக்கத்தில் எங்கள் வேலையின் முறை அது, அந்த ஆள் ஒருநாள் வேஷம் கலைக்காமலே பேருந்து ஏறிவிட்டான், இடப்பக்கம் இருந்தவர்கள் அலறியடித்து ஜன்னல் வழியாகக் குதித்துப் போனார்கள், வலப்பக்கத்து அம்மாள் மட்டும், இம்புட்டு எடம் காலியா கெடக்கு, ஏன்யா மேல சாயிறே, தள்ளி உக்காரு என்று அதட்டினாளாம், நம்பாதவர்கள் அந்த அம்மாளையே கேட்டுக்கொள்ளலாம், வளசரவாக்கத்தில் எங்கேயோ இருக்கிறாள். ரத்தமும் நான்தான் காய்ச்சுவேன், சர்க்கரைப் பாகில் சிவப்பு, அதில் துளி நீலம், அதைக் குடித்த கொசுக்களுக்கெல்லாம் சர்க்கரை நோய் வந்து, பறக்கத் தெம்பில்லாமல் சுவரோரமாக நடந்தே போனதை நான் பார்த்தேன், இருதயராஜும் பார்த்தான், இருதயராஜ் என் கூட்டாளி, கொலைக்காட்சியில் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு சைக்கிள் பம்பால் ரத்தத்தை மேலே அனுப்புகிறவன், அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் வராது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஊரே பயந்தது, நான் சதை ஒட்டிய ஒரு படத்தில் இடைவேளைக்கு வெளியே போன கூட்டம் திரும்பி வரவேயில்லை, காலி நாற்காலிகளுக்கு நடுவே முறுக்கு கடித்தபடி மிச்சப் படத்தையும் பார்த்தவள் என் மனைவி மரகதம் ஒருத்திதான், அவள் பயந்ததே இல்லை, வெட்டிய தலையைக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்தால், தூசி அடையுதுங்க என்று என் பழைய துண்டைப் போட்டு மூடுவாள், துண்டான கையைச் சுவரில் மாட்டி அதன் விரல்களில் கரண்டிகளைத் தொங்கவிட்டாள், ஒருநாள் நானே பேயானேன், வழக்கத்துக்கு விரோதமாக இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கன்னத்தில் தொங்கவிட்டுக் கதவைத் தட்டினேன், திறந்தாள், பார்த்தாள், கை கால் கழுவிட்டு வாங்க, கொழம்பு ஆறுது என்று உள்ளே போய்விட்டாள், தொங்கிய கண்ணோடு உட்கார்ந்து சாப்பிட்டேன், இருதயராஜும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான், அவன் எப்போதும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான், நான் அவனுக்கு ரத்தத்தின் பதத்தை விளக்கிக்கொண்டே இருப்பேன், அவன் தலையாட்டுவான், ரசம் கேட்பான்.

பிறகு கம்ப்யூட்டர் வந்து பேய்களையெல்லாம் ஏசி அறைக்குள் கூட்டிக்கொண்டு போயிற்று, நான் வீட்டில் உட்கார்ந்தேன், இருதயராஜ் எழுத உட்கார்ந்தான், பேய்க்கதை, பதிப்பாளர் கிடையாது, முன்னுரை கிடையாது, தானே எழுதித் தானே அச்சடித்துத் தானே கூரியர் போடுகிறான், புத்தகக் காட்சியில் ஜாதகப் புத்தகக் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதற்கு முன்னால் கல்லூரிப் பிள்ளைகள் வரிசை நிற்கிறார்கள், ராஜ் சார், கையெழுத்து ராஜ் சார், என்னை எவன் சார் என்றான். அவன் எங்கள் வீட்டுக்கும் ஒன்று கொண்டுவந்தான், ‘கொடியில் ஒரு புடவை’ என்று பேர், அண்ணி, நீங்க படிச்சுட்டுச் சொல்லணும், நீங்க பயந்தாதான் அது பேய் என்றான், நான் சிரித்தேன், மரகதமாவது பயப்படுவதாவது, அவள் வாங்கிக்கொண்டாள், படித்தாள், மறுநாள் நல்ல மத்தியான வெயிலில் என் முன்னால் வந்து நிற்கிறாள், ஏங்க, கொஞ்சம் மாடிக்கு வர்றீங்களா, துணி எடுக்கணும், ஏன், முழங்கால் வலிக்குதா, அதெல்லாம் இல்ல, பின்னே, ஒண்ணுமில்லீங்க, சும்மா கூட வந்து நில்லுங்க, கொடியில பொடவை ஆடுதுல்ல, அதுக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு. சைக்கிள் பம்பை என் நெஞ்சில் சொருகி யாரோ ஓங்கி அடித்தார்கள், நான் தொங்கவிட்ட கண் வீண், நான் காய்ச்சிய ரத்தமெல்லாம் வீண், கட்டிலுக்கு அடியில் கிடந்தவன் என் பெண்டாட்டியைப் பயமுறுத்திவிட்டான், அதுவும் வெறும் காகிதத்தில்.

அன்றைக்கே நானும் எழுத உட்கார்ந்தேன், என்ன பெரிய எழுத்து, பேய்க்கு அளவெடுத்தவன் நான், அவன் அல்ல, ‘ஈரக்கழுத்து’ என்று ஒரு நாவல், தெரு முனையில் டைப் அடித்து அட்டை ஒட்டி வாங்கினேன், முதல் பிரதியை மரகதத்திடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே படித்தாள், அவள் விரல் நடுங்குகிறதா என்று பார்த்தேன், அது கீரையைச் சீராக உருவிக்கொண்டிருந்தது, கடைசிப் பக்கத்தை மூடினாள், ரத்தம் நல்லா வந்திருக்குங்க என்றாள், பயமா இருந்துச்சா, ம், ஒரு சந்தேகம், உங்க பேய் ஏன் எல்லா எடத்துலயும் ஒருக்களிச்சே நிக்குது, கழுத்துல சுளுக்கா. புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன், ஆமாம், கிணற்றடியில் நிற்கிறது, இடது கன்னம், சவப்பெட்டியைத் திறக்கிறார்கள், இடது கன்னம், கொலைகாரன் முன்னால் வந்து பழி வாங்குகிறது, அப்போதும் இடது கன்னம், கேமரா இல்லாத இடத்திலும் கேமராவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது என் பேய், பாவம், மறுபக்கத்தை நான் அதற்குக் கொடுக்கவேயில்லை.

அவன் அப்படி என்னதான் எழுதியிருக்கிறான் என்று பார்க்கவேண்டியதாயிற்று, மரகதத்துக்குத் தெரியாமல் எடுத்து, செய்தித்தாள் அட்டை போட்டு, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன், சொன்னால் வெட்கம், ஒரு சொட்டு ரத்தம் இல்லை அதில், ஒரு பெண் இருக்கிறாள், குக்கர் கூவினால், இரு இரு, வந்துட்டேன் என்று அதற்குப் பதில் சொல்கிறாள், உலர்ந்த புடவையை மடிக்குமுன் முந்தானையை முகர்கிறாள், யோசனை வந்தால் ஒரு கால் கட்டைவிரலால் மறுகாலின் மெட்டியைத் திருகுகிறாள், இதையெல்லாம் அவளுக்குப் பின்னால் நின்று இன்னொன்றும் அப்படியே செய்கிறது, அவ்வளவுதான் கதை, இதிலென்ன பயம் என்று வீட்டுக்கு வருகிறேன், குக்கர் கூவுகிறது, இரு இரு, வந்துட்டேன் என்கிறாள் மரகதம், நான் கதவிலேயே நின்றுவிட்டேன், மாடியில் முந்தானையை முகர்கிறாள், கீழே மெட்டியைத் திருகுகிறாள், அவளைத்தான் எழுதியிருக்கிறான், என் வீட்டில், என் பாயில் உட்கார்ந்து, என் ரசத்தைக் குடித்துக்கொண்டு, இத்தனை காலம் கல்யாணமாகி நான் பார்க்காததை.

தலை நரைத்து, தாடை தொங்கி, பல் செட்டைக் கிண்ணத்தில் போட்டுவைக்கும் வயதில் எனக்குப் பொறாமை வந்தது, வாலிபத்தில் வந்திருக்கவேண்டியது, வழி தவறித் தாமதமாக வந்தது போலிருக்கிறது, செய்தித்தாள் அட்டையோடே புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன், ஏண்டா, என் பொண்டாட்டிதானேடா இது, ஆமாண்ணே என்றான், கொஞ்சம்கூடக் கூசாமல், உங்களுக்கு இப்பதான் தெரியுதா, அண்ணிக்கு முதல் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு, அதான் பயந்தாங்க, யாருடா உன்னைப் பார்க்கச் சொன்னது, யார் சொல்லணும், சோறு போடறவங்க எதிர்ல இருக்காங்க, நீங்க ரத்தத்தைப் பத்தியே பேசறீங்க, நான் எங்கே பாக்கறதுண்ணே, காபி சாப்பிடறீங்களா, வேண்டாம் என்றேன், கொடுத்தான், நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

திரும்பி வருகிறேன், இனி அவளை நான் எழுதுவேன், எழுதுகிற உரிமை எனக்குத்தான் உண்டு, தாலி கட்டியவன், மரகதம் கூடத்தில் பீன்ஸ் நறுக்குகிறாள், முக்காலியை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்கிறேன், பார்க்கிறேன், நெற்றி, புருவம், காதோரம் எண்ணெய் தெறித்த ஒரு வடு, அது எப்போது வந்தது, கேட்டால் அவனுக்குத் தெரிந்திருக்கும், மேலுதட்டில் வேர்வை, ஒரு கண் மற்றதைவிடத் துளி சின்னது, ஒட்டியதும் இல்லை, பூசியதும் இல்லை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, என்னங்க, பசிக்குதா, இல்லை, தலை கிறுகிறுங்குதா, இல்லை, டாக்டர்கிட்டப் போனீங்களா, ஏதாவது சொன்னாரா, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அரிவாள்மணையை மெல்லச் சாய்த்து வைக்கிறாள், புடவையை இழுத்து மூடிக்கொள்கிறாள், ஏங்க, அப்படிப் பாக்காதீங்க, எனக்குப் பயமா இருக்கு. சொல்லிவிட்டாள், என்னைப் பார்த்து, என்னிடம், இதை இருதயராஜ் கேட்டிருக்கவேண்டும், ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று கால் துடிக்கிறது, பயப்படாதே மரகதம், நான்தானே என்றேன், அதனாலதாங்க பயமா இருக்கு என்றாள், எழுந்து போகவும் இல்லை, நறுக்கவும் இல்லை, நான் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன், அவள் முகத்தில் உலர்வதற்கு எதுவுமில்லை, இருந்தாலும் காத்திருக்கிறேன்.