காஜா எடுத்த சேனாதிபதி

மூன்றாம் பாகத்தில் முதுகில் அம்பு பாய்ந்து செத்துப்போன சேனாதிபதி, வாடகை நூலகத்துக்கு எதிரே இருக்கும் தையல் கடையில் காஜா எடுக்கிறார். சட்டைக்குப் பட்டன் துளை போடுவதைத்தான் தையல்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். நன்றாகவே எடுக்கிறார். அவசரம் என்று கொடுத்தால் இழுத்தடிப்பார், மற்றபடி துளையில் ஒரு பிசிறு இருக்காது. அவர் வந்த புதிதில் தெருவே வேலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தது உண்மைதான். மழைக்காலம் தொடங்கியதும் அவரவர் வீட்டில் ஒழுகுகிற இடத்துக்குப் பாத்திரம் வைக்கவே நேரம் சரியாக இருந்தது. ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

அவர் வந்த கதையைச் சொல்வதென்றால் நூலகத்து அக்காவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். சைக்கிள் கடைக்கு மேலே, செங்குத்தான படிக்கட்டு ஏறினால் ஓர் ஒற்றை அறை. சுற்றிலும் அலமாரி, நடுவில் மேஜை, மேஜைக்குப் பின்னால் அக்கா. அவளுக்கு ஒரே ஒரு சட்டம். தொடர்கதை எடுக்கிறவர்கள் ஒரு பாகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைப் பற்றிய அபிப்பிராயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் அடுத்த பாகம். 'நல்லா இருந்துச்சு' என்று மழுப்பினால் செல்லாது. மனசில் இல்லாததைச் சொன்னாலும் செல்லாது. "இது உங்க அபிப்பிராயம் இல்ல, பஸ் ஸ்டாண்டுல கேட்டது," என்று புத்தகத்தைத் திரும்பக் கையில் திணித்துவிடுவாள். சொந்தம் பந்தம் என்றெல்லாம் அவளிடம் வேலைக்கு ஆகாது. பெற்ற அப்பாவையே ஒருமுறை படிக்கட்டோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அந்த வருஷங்களில் எல்லோரும் படித்தது ஒரு ராஜா ராணித் தொடர். ஆறு பாகம், ஒவ்வொன்றையும் தலைக்கு வைத்துப் படுக்கலாம். அதற்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, தெருவில் யாரும் அதைச் சொன்னதில்லை, 'தடிப் புத்தகம்' என்றால் போதும். உப்பு விளைகிற ஒரு நாடு, சின்ன வயதிலேயே பட்டத்துக்கு வந்த ஓர் அரசி, உப்பு வரிக்காக ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் பிரபுக்கள், இவர்களுக்கு நடுவில் அரசிமேல் உயிரையே வைத்திருந்த சேனாதிபதி. அக்காவிடம் இருந்தது ஒரே பிரதி, அதனால் வரிசை போட்டுப் படித்தார்கள். நர்ஸ் காதலுக்காகப் படித்தாள். கணக்கு வாத்தியார் அரசியலுக்காகப் படித்து, வரிக் கணக்கு உதைக்கிறது என்று பாகத்துக்குப் பாகம் குறை சொன்னார். பஸ் கண்டக்டர் எல்லாவற்றுக்காகவும் படித்தார், டிக்கெட்டோடு சேர்த்துக் கதையையும் கொடுத்தார்.

மூன்றாம் பாகத்தின் முடிவில் பிரபுக்களோடு சமாதானம் பேசப்போன சேனாதிபதியை, ஆற்றங்கரைக் கோட்டையில் வைத்துப் பின்னாலிருந்து அடித்துவிட்டார்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே அபிப்பிராயத்தைச் சொன்னார்கள், இந்த மனுஷன் செத்திருக்கக் கூடாது. நர்ஸ் அழுதுகொண்டே சொன்னாள், கண்டக்டர் திட்டிக்கொண்டே சொன்னார். கடைசியாக வாத்தியார் வந்தார். மழை பெய்கிறது என்றால்கூட ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்கிற ஆள். அவரும், "வரி விஷயத்துல எனக்கு ஆயிரம் சந்தேகம் இருக்கும்மா. ஆனா அந்த மனுஷன் சாக வேண்டியவன் இல்ல," என்றார். தொடர் படித்த அத்தனை பேரும் ஒரே பேச்சில் நின்றது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை. அன்று பிற்பகல் இரண்டாவது அலமாரிக்குப் பின்னாலிருந்து சேனாதிபதி வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். முதுகில் அம்பு இருந்தது. அக்கா தண்ணீர் கொடுத்தாள். பிறகு, உறுப்பினர் அல்லாதவர்கள் அலமாரிக்குப் பின்னால் போகக் கூடாது என்று சொன்னாள். நர்ஸ் வந்து அம்பைப் பிடுங்கி, தையல் போட்டு, அம்பு துருப்பிடித்தது என்பதால் ஓர் ஊசியும் போட்டாள்.

எதிர்க் கடை அக்காவின் தங்கையுடையது. திரைச்சீலை, பள்ளிக்கூடச் சீருடை, சட்டை என்று எந்நேரமும் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். காஜா எடுக்கிற ஆள் நின்றுபோய் அவள் திண்டாடிக்கொண்டிருந்த சமயம். போர்க்களத்தில் கூடாரமும் சேணமும் தைத்த கை என்பதால் சேனாதிபதியை ஒரு வாரம் பார்க்கலாம் என்று உட்கார வைத்தாள். இரண்டு வருஷம் பார்த்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கற," என்றாள் அக்கா. தங்கை கேட்கவில்லை. தொடரை அவள் ஒரு வரிகூடப் படித்தவள் இல்லை. தைக்கவே நேரம் இல்லை, இதில் ராஜா ராணி எதற்கு என்பது அவள் கட்சி. அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. படுக்கப்போகும்போது தினமும், "நீ தூங்கு, விளக்கை நான் பாத்துக்கறேன்," என்பார். அம்மா போனதிலிருந்து கடையை அடைத்து, கதவைத் தாழிட்டு, விளக்கையும் தானே அணைத்துப் பழகிய பெண். இதைவிடப் பெரிய சுகம் உலகத்தில் உண்டு என்று யாராவது சொன்னால் அவள் சிரிப்பாள்.

நான்காம் பாகமும் ஐந்தாம் பாகமும் வந்தன. அரசி கல் நெஞ்சக்காரியாகிவிட்டாள், சிரிப்பதில்லை, உப்பு வரியை ஏற்றினாள், மாமனையே சிறையில் போட்டாள். அவளைத் திட்டாத வாய் இல்லை. இவளிடமிருந்து தப்பித்தாரே சேனாதிபதி என்றுதான் எல்லோரும் அபிப்பிராயம் சொன்னார்கள். அந்த வருஷங்களில் அவர் நன்றாகக் கனத்தார். முக்காலி இரண்டு முறை உடைந்தது. சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஆறாம் பாகம் வந்தது, அதுதான் முடிவு. அரசி அத்தனை வருஷமும் சபையில் தன் இடப்பக்கத்து நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் காலியாகவே வைத்திருந்தாள் என்பது அதில்தான் தெரியவந்தது. வடக்கத்தி ராஜா பெண் கேட்டு வந்தபோதும் மாட்டேன் என்றுவிட்டாள், அதனால் நாடே தத்தளித்தது. கடைசிப் பக்கத்தில் அவள் கிழிந்த அங்கியோடு கோட்டை வாசலில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், புத்தகம் அங்கேயே முடிந்துவிட்டது. தெரு உருகிப்போயிற்று. கண்டக்டர்தான் முதலில் சொன்னார், சேனாதிபதி திரும்பிப் போயிருக்கணும் என்று. அன்று சாயங்காலம் சேனாதிபதி முக்காலியிலிருந்து எழுந்தபோது செருப்பு தரையிலேயே இருந்தது. அவர் ஒரு விரற்கடை மேலே நின்றார்.

ஆளுக்கு ஆள் அபிப்பிராயம் சொல்லச் சொல்ல அவர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தார். திரைச்சீலை காற்றில் பறக்காமல் நேராகத் தொங்க, ஓர மடிப்புக்குள் சின்னச் சின்ன ஈயக்குண்டு வைத்துத் தைப்பார்கள். தங்கை அந்தக் குண்டுகளை அவருடைய சட்டை ஓரத்திலும் வேட்டி ஓரத்திலும் வைத்துத் தைத்தாள். போதவில்லை. இடுப்பில் நாடா கட்டி மிஷின் காலோடு முடிந்தாள். அவரோ தன்பாட்டுக்கு மேலே மிதந்தபடி காஜா எடுத்துக்கொண்டிருந்தார், நூல் தீர்ந்தால் மட்டும் கீழே கை நீட்டினார். அவளுக்குத்தான் பயம். இப்படியே போனால் ஒருநாள் நாடா அறுந்து, மனுஷன் கைக்கு எட்டாமல் போய்விடுவார்.

நர்ஸிடம் போய்ச் சண்டை பிடித்தாள். "அய்யோ, நான் கதையைத்தானே சொன்னேன், உங்க வீட்டுக்காரரையா சொன்னேன்," என்றாள் நர்ஸ், நிஜமாகவே வருத்தப்பட்டு. கண்டக்டரும் அதையேதான் சொன்னார், புத்தகம் வேற, அண்ணன் வேற என்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைசியில் அக்காவிடமே போய், அந்தப் பாழாய்ப்போன சட்டத்தை எடுத்துவிடு என்று கெஞ்சினாள். அக்கா அசையவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. "சட்டத்தாலதான்டி அவர் வந்ததே. போகக் கூடாதுன்னா நீ படிச்சுட்டு வந்து உன் அபிப்பிராயத்தைச் சொல்லு. ஆனா ஒண்ணு, பொய் சொன்னா வாங்க மாட்டேன்," என்றாள். வரிசையில் வாத்தியாருக்குப் பின்னால், கடைசி ஆளாக, தங்கை பெயர் சேர்ந்தது.

முதல் பாகத்திலிருந்து தொடங்கினாள். மடியில் புத்தகம், காலில் மிஷின். சீருடைகளில் பாக்கெட் தலைகீழாகப் போயிற்று, யாரும் கேட்கவில்லை. அவள் படித்தது அரசியை வெறுப்பதற்காகத்தான், ஓட்டை கண்டுபிடித்து எடுத்துச் சொல்லத்தான். இரண்டாம் பாகத்தில் போருக்கு முந்தின நாள் அரசி வரைபடத்தின்மேல் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும்போது சேனாதிபதி, "நீங்கள் உறங்குங்கள், விளக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்கிறார். தங்கை புத்தகத்தை மூடிவிட்டாள். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. தனக்கென்று இருந்த ஒரே வாக்கியமும் இன்னொருத்தி கட்டிக் கழித்த புடவை போல ஆகிவிட்டதே என்று அடுப்படியில் நின்று அழுதாள். மறுநாள் காலையில் மூன்றாம் பாகத்தை எடுத்துவிட்டாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், அடுத்து என்ன என்று தெரியாமல் யாரால் இருக்க முடியும்?

ஆறாம் பாகம் முடித்த அன்று தெருவே படிக்கட்டில் நின்றது. தங்கை ஒரு பேச்சைத் தயாரித்து வைத்திருந்தாள், அரசி வடக்கத்தி ராஜாவைக் கட்டிக்கொண்டிருந்தால் உப்பு நாடு பிழைத்திருக்கும் என்று. வாத்தியாரிடம் கேட்டுச் சரிபார்த்தும் இருந்தாள். புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். அக்கா எல்லோரையும் கேட்பதைப் போலவே, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். தங்கைக்கு அந்தப் பேச்சு வாயில் வரவில்லை. "பாவம் அந்தப் பொண்ணு," என்றாள். "நாற்காலியைக் காலியா வச்சுக்கிட்டு எத்தனை வருஷம். அவர் உயிரோட இருக்கார்னு ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு ஆள் இல்ல. ஒரே ஒரு தடவையாவது அவரைக் கண்ணால பார்த்திருக்கணும்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்க் கடையில் நாடா அறுந்த சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

அக்கா அந்த அபிப்பிராயத்தை ஏற்றுக்கொண்டாள், வேறு வழியில்லை, அது உண்மை. அப்போது இரண்டாவது அலமாரிக்குப் பின்னாலிருந்து அரசி வந்தாள். அங்கியின் ஓரம் கிழிந்து சேறு அப்பியிருந்தது. நினைத்ததைவிடக் குள்ளம். உறுப்பினர் சட்டத்தை அக்கா அவளுக்கும் சொன்னாள். தங்கைதான் அவள் கையைப் பிடித்துப் படி இறக்கி, தெருவைத் தாண்டிக் கூட்டிவந்தாள். சேனாதிபதி கடையின் உட்கூரையில் முதுகு முட்ட, கையில் பாதி காஜா எடுத்த சட்டையோடு இருந்தார். அரசி அண்ணாந்து பார்த்து, "நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டாள். "நல்லா இருக்கேன்ங்க. நீங்க எப்படி இருக்கீங்க? உக்காருங்க, அந்த முக்காலி வேணாம், அது ஆடும்," என்றார் அவர். அரசி அவரை வெகுநேரம் பார்த்தாள். சபையில் அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. அவர் எந்த ஊர்க்காரர் ஆகிவிட்டார் என்பது அவளுக்கு அதிலேயே புரிந்துபோயிற்று.

கிளம்பலாம் என்று அவள் திரும்பியபோது தங்கை, "கொஞ்சம் இருங்க, இந்தக் கிழிசலோட போனா தடுக்கி விழுவீங்க," என்று தடுத்தாள். ஓரத்தை மடித்துத் தைத்தாள். கோட்டை வாசலில் காற்று அதிகம் என்று படித்திருந்தது நினைவுக்கு வந்தது. திரைச்சீலைக் குண்டு கைவசம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் புருஷன் மேலே இருந்தது. மேஜைமேல் ஏறி, அவர் சட்டையிலும் வேட்டியிலும் தையலைப் பிரித்து, குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அரசியின் ஓரத்தில் வைத்துத் தைத்தாள். போனால் போகட்டும் என்று செய்தாளா, போக மாட்டார் என்று செய்தாளா என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்கா தெருவைத் தாண்டி வந்து வாசலில் நின்றாள். "அம்மா, ஆறு பாகத்துலயும் இருந்தவங்க நீங்க. ஒரு அபிப்பிராயம் சொல்லிட்டுத்தான் போகணும்," என்றாள். அரசி யோசித்தாள். "நெடுங்கதை," என்றாள். பிறகு, "பார்த்துவிட்டேன், அது போதும். அவர் இங்கேயே இருக்கட்டும்," என்றாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள், சரி என்று தலையசைத்தாள். சேனாதிபதி இறங்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் இப்போது அரசி பாதையைப் பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்று உள்ளே போகிறாள். எத்தனை காற்று அடித்தாலும் அங்கி நேராகத் தொங்குகிறது. முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் வரிக் கணக்கு இன்னமும் தப்பு என்பது வாத்தியாரின் அபிப்பிராயம். வருஷத்துக்கு ஒருமுறை, ஓரம் நைந்துபோனால் அரசி தைக்கக் கொண்டுவருகிறாள். வாடிக்கைக்காரிதானே என்று தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று மட்டும் தங்கை அவர்கள் இரண்டு பேரையும் கடையில் விட்டுவிட்டு, முக்குக் கடைக்குப் போய் நின்று நிதானமாக ஒரு டீ குடிக்கிறாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அவர் காலைப் பார்ப்பாள். தரையில்தான் இருக்கும்.