கண்ணையன் ஸ்டாப்

1961 ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலை பஸ், கூட்டேரிப்பட்டுக்குத் தெற்கே சேரியை ஒட்டிய மதகுச் சுவரைப் படித்துவிட்டு நின்றது. படித்தது டிரைவர் இல்லை, பஸ்தான்.

சுவரில் எழுதியவன் கண்ணையன். வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவன். சாக்குகளில் தகர அச்சை வைத்துக் கடைப் பேர் அடிப்பதைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டான். எண்ணெய் டின்னைப் பிரித்து எழுத்து வெட்டுவான், மூட்டைப்பூச்சி மருந்தடிக்கிற பம்பில் கறுப்புப் பெயிண்டை ஊற்றிச் சுவர் சுவராக மயிலும் மாடும் அடிப்பான். அவன் தங்கை பொன்னிக்குத் திண்டிவனத்தில் டீச்சர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை முதல் வகுப்பு, மணி அடிப்பதற்குள் வராவிட்டால் இடம் போய்விடும். ஒன்பது மைல். சேரிக்காரர்கள் கை காட்டினால் எந்த பஸ்ஸும் நிற்காது. அந்த வயிற்றெரிச்சலில்தான் 'பஸ் நிற்கும்' என்று அடித்தான்.

பொன்னி ஒத்திகை பார்க்க ஏறி உட்கார்ந்தாள். பஸ் கிளம்பவில்லை. ஊரே சேர்ந்து மத்தியானம் வரை தள்ளியது. நிற்கும் என்று எழுதினால் நிற்கத்தானே செய்யும்? கண்ணையன் ஓடிப்போய் இன்னொரு தகரம் வெட்டி, கீழே 'போகும்' என்று அடித்தான். பஸ் போனது. பொன்னியோடு போனது, திரும்பவே இல்லை. செங்கல்பட்டில் விசாரித்தால், பஸ்ஸிலிருந்த எல்லோரும் கையாட்டிக்கொண்டே வடக்கே போனார்கள் என்றார்கள்.

புதன்கிழமை அவன் தாய் அம்மணி சுவரைப் படித்துக் காட்டச் சொன்னாள். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, வூட்டுலேர்ந்து கெளம்புற பொண்ண யாராச்சும் போன்னு சொல்லி அனுப்புவாங்களா? போய்ட்டு வான்னுதானடா சொல்லணும்! ஜல்தி மாத்துடா!"

கண்ணையனுக்கு அப்போதுதான் உறைத்தது. 'போகும்' என்பதை அழித்து 'போய் வரும்' என்று அடித்தான். பெயிண்ட் காய்வதற்குள் வடக்கே ஹாரன் கேட்டது. பொன்னி மடி நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு இறங்கினாள்.

"நாக்பூர் வரிக்கும் போய்க்கினே இருந்திச்சுண்ணா. ஒரு பேஜாரும் இல்ல."

அவன் அழுதுகொண்டே பழத்தை உரித்தான்.

வியாழக்கிழமை பஸ் வந்தது, நின்றது, பொன்னி ஏறினாள். கண்டக்டர் கோதண்டபாணி காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"ஏறுன எடம் எழுதணும். இந்த ஸ்டாப்புக்கு இன்னாம்மா பேரு?"

சேரிக்கு அதுவரை யாரும் பேர் கேட்டதில்லை.

"கண்ணையன் ஸ்டாப்புங்க," என்றாள் பொன்னி.

அவர் அப்படியே எழுதி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.