மாத்திரை கொடுக்காத டாக்டரம்மா

ஜோஹராவை மலையில் எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை, மனசு ஒடிந்தவர்களோடு பேசிப் பேசியே தேற்றுகிற படிப்பு படித்தவள் என்று அவளும் ஆறு மாதம் சொல்லிப் பார்த்தாள். சரிங்க டாக்டரம்மா என்றார்கள். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, அப்புறம் என்ன டாக்டர் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஜவ்வாது மலைக்காரர்களுக்கு அவ்வளவு மரியாதை.

வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பெண் அவள். பெங்களூரில் படித்து முடித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் மலையேறி வந்தாள். படிப்பில் சொல்லிக்கொடுத்தபடியே ஓர் அறையில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டாள். அதுதான் தப்பு. வந்தவர்கள் உட்காரவே பயந்தார்கள். தீர்த்தகிரி என்கிற விவசாயி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, "நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லிடுங்க" என்றார். அந்த மலையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் அது பஞ்சாயத்து. கஷ்டத்தைச் சொல்வதென்றால் பக்கத்தில் உட்கார்ந்து, கைவேலை செய்தபடி, முகத்தைப் பார்க்காமல்தான் சொல்வார்கள்.

இது புரிய அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. படித்தவர்களுக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் புரியும். நாற்காலிகள் போய்ப் பாய் வந்தது, பாயில் ஒரு கூடை புளி வந்தது. இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். கூடை தீர்ந்தால் அன்றைய பேச்சும் தீர்ந்தது. கடிகாரமே வேண்டியதில்லை.

அவளுடைய வேலைக்கு இரண்டு வருஷம்தான் கெடு. அது இந்தப் பங்குனியோடு முடிகிறது. சென்னையில் ஒரு சங்கம் இருந்தது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களில் ஒருவரை வருஷந்தோறும் தேர்ந்தெடுத்து, அவர் வேலை பார்க்கும் இடத்தை இன்னும் மூன்று வருஷம் நடத்திக் கொடுக்கும். கிடைத்தால் ஜோஹரா இருக்கலாம். இல்லையென்றால், பாதிப் பேச்சில் இருக்கிற பதினோரு பேரை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியோடு இறங்க வேண்டியதுதான்.

சங்கத்தின் சார்பில் சக்கரவர்த்தி திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். பெரிய மனநல மருத்துவர், கையில் மார்க் போடும் தாள். ஒரு கூடை நேரம் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அன்றைக்குப் பேச வரவேண்டிய பாஞ்சாலையிடம் முன்பே கேட்டிருந்தாள் ஜோஹரா. "ஒக்காரட்டுங்க, இன்னா இப்போ" என்றிருந்தாள் பாஞ்சாலை. முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோக, ஒரு வருஷம் வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்தவள் அவள்.

சக்கரவர்த்தி மூலையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். பாஞ்சாலை பேனாவைப் பார்த்தாள். சாமை விளைச்சலைப் பற்றிச் சொன்னாள், மழையைப் பற்றிச் சொன்னாள். பிறகு சட்டென்று ஆரம்பித்தாள். டாக்டரம்மா வந்த பிறகு தனக்கு எல்லாம் சரியாகிவிட்டது, நன்றாகத் தூங்குகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், டாக்டரம்மா மாதிரி உண்டா. பேனா சுறுசுறுப்பாக ஓடியது. ஜோஹராவுக்கு அது தித்தித்தது, மறைப்பானேன். இன்னும் கால் கூடை இப்படிப் போனால் மூன்று வருஷம் கையில்.

அப்போதுதான் பாஞ்சாலையின் கையைக் கவனித்தாள். ஒரே புளியை வைத்துப் பிசைந்துகொண்டிருந்தது. தன் கூடையை இவள் எனக்காகச் செலவழிக்கிறாள் என்று ஜோஹராவுக்குச் சுரீரென்று உறைத்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்து, சக்கரவர்த்தியை வெளியே இருக்கச் சொன்னாள்.

"வெளிய அனுப்பிட்டா நான் மார்க் போட முடியாதும்மா."

"போட வேணாம் சார். இது அவங்க நேரம்."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். கெட்டிக்காரி, கையில் வந்ததைத் தட்டிவிட்டாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பாஞ்சாலை நாலைந்து கொட்டை எடுத்தாள். பிறகு, "பொய் சொல்லிட்டேன் டாக்டரம்மா" என்றாள். நேற்றுகூட அழுதாளாம். குழந்தைக்கு வைக்க நினைத்திருந்த பெயரை முதல் தடவையாக அன்றைக்குச் சொன்னாள்.

பெரிய டாக்டர் அதுவரை பலாமரத்தடியில் எறும்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாஞ்சாலை கண்ணைத் துடைத்தபடி போனதைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன சொன்னாள் என்று கேட்டார். அதைச் சொல்வதற்கில்லை என்றாள் ஜோஹரா. இந்த வருஷத் தேர்வுக்கு இவளோடு பன்னிரண்டு பேரைப் பார்த்தாகிவிட்டது, மற்றப் பதினோரு பேரும் நோயாளியைப் பொம்மை மாதிரி ஆட்டிக் காட்டினார்கள் என்றார் அவர். தாளில் ‘பார்க்க அனுமதி மறுத்தார்’ என்று எழுதி, எதிரே முழு மார்க்கைப் போட்டார். ஜோஹராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அவர் ஜீப்பில் ஏறவில்லை. அவள் பக்கத்தில் நின்று, மலையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"என் தங்கச்சி மூணு வருஷமா ரூமை விட்டு வெளிய வர்றதில்ல. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இங்க கூட்டிட்டு வரலாமா?"

"அவங்களுக்கு இஷ்டமா சார்?"

"அவளைக் கேக்கலியே" என்றார், அவ்வளவு பேரைக் கேள்வி கேட்ட மனிதர்.

"கேட்டுட்டு வாங்க சார். நான் இங்கதான் இருப்பேன்."