நடுவில் ஒரு காகிதம்

ஒரே படகுப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது லேசான காரியமா? அந்தக் கூத்தும் நடந்தது. போன வாரம் படகுக்காரர் முன்னால், "இவன் கைபட்ட வேலை எது உருப்பட்டுச்சு?" என்று அண்ணன் வார்த்தையை விட்டுவிட்டார். அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் அண்ணி வழியாகத்தான்.

"அண்ணி, உளி வேணும்னு சொல்லுங்க."

"அங்கதான் கிடக்கு, எடுத்துக்கச் சொல்லு."

கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு இந்தப் பேச்சு! நடுவில் கிடந்து அல்லாடினாள் அண்ணி, பாவம்.

இன்று தம்பியின் பை பட்டறை வாசலில் இருந்தது. வேறு ஊரில் வேலையாம், சாயங்கால வண்டியாம். அதுவும் அண்ணி சொல்லித்தான் தெரியும். அண்ணனுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. 'போகாதேடா' என்ற ஒரு சொல் தொண்டை வரை வந்து வந்து திரும்பியது. சுத்தியலைத் தேடினார், கிடைத்ததும் எதற்கென்று மறந்து கீழே போட்டார்.

படகுக்காரரின் பழைய படகின் அறைச் சுவருக்கு வெனீர் ஒட்ட வேண்டும். சருகு போல மெல்லிசாகச் சீவிய தேக்கு. எதிர்ச்சுவரின் மர ரேகையோடு பொருந்துகிற தகடு இந்த ஒன்றுதான் மிச்சம். சுவரிலும் வெனீரிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டாயிற்று. இனி இரண்டும் தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் நடுவில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, தம்பி வெனீரைக் கோட்டுக்குச் சரியாகப் பிடிக்க, அண்ணன் காகிதத்தை மெல்ல உருவ வேண்டும்.

மெல்ல உருவுகிற மனநிலையிலா இருந்தார் மனிதர்? வெடுக்கென்று இழுத்தார். காகிதத்தோடு வெனீரும் நகர்ந்தது.

"அண்ணி! கோணுது, நிறுத்தச் சொல்லுங்க!"

அண்ணி வெளியே பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் அவரிடமா சொன்னான்? அந்த வீம்பில் கை நிற்கவில்லை. "ஏங்க, நிறுத்தணுமாம்" என்று அவள் ஓடிவந்தபோது காகிதம் முழுதாக அவர் கையில் இருந்தது. வெனீர் இரண்டு விரல் சாய்ந்து ஒட்டியிருந்தது.

நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் படகுக்காரர்.

"ஐயய்யோ, என்னங்க ரேகை எங்கேயோ போகுது? உங்க தம்பி வேலையா?"

 தம்பி கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தான். அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"இல்லைங்க, என் வேலை. நிறுத்துன்னு தம்பி சொன்னான். எனக்கு நல்லா கேட்டுச்சு. என்கிட்ட சொல்லலைங்கிற வீம்புல இழுத்துட்டேன்." மற்ற சுவர்களைக் காட்டினார். "இந்தப் படகுல அவன் கைபட்டதெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. அன்னைக்கு உங்க முன்னாடி நான் பேசினது தப்பு."

 அண்ணியின் கையிலிருந்த பிரஷ் சொட்டிக்கொண்டிருந்தது.

தம்பி பையை வைத்துவிட்டு வந்தான். வெனீரின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தான்.

"இன்னும் இறுகல. தின்னர் விட்டுப் பசையை இளக்கி நிதானமா உரிச்சா கிழியாம வரும்."

அண்ணி பழக்கதோஷத்தில் கணவன் பக்கம் திரும்பி, "ஏங்க, தின்னர் விட்டா..." என்று தொடங்கினாள்.

"அண்ணி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றான் தம்பி. "அண்ணே, தின்னரை எங்க வச்சே?"

 அண்ணன் அலமாரியைக் கைகாட்டினார்.