எரியாத கொழுப்பு

அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போதும், எடை குறைந்ததற்காவது டாக்டர் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் அண்ணனின் தொளதொளத்த சட்டையைப் பார்த்தார். "யாரு இவரைப் பட்டினி போட்டது?" என்றார்.

யாரும் போடவில்லை. அண்ணன் வெண்ணெய்த் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவன். கூட்டாளிகளுக்கு அவன் பேரே 'வெண்ணெய்'தான். போன முறை இதே டாக்டர்தான் நோயை விளக்கினார். மாடு தின்னும் புல்லிலிருந்து உண்டாகும் ஒரு கொழுப்பு பாலிலும் இறைச்சியிலும் இறங்குகிறதாம். மற்றவர்கள் உடம்பு அதை எரித்துவிடும். அண்ணன் உடம்புக்குப் பிறவியிலேயே அந்த வித்தை தெரியாது. அது சேர்ந்து சேர்ந்துதான் அந்தி சாய்ந்தால் அவனுக்குக் கண் தெரிவதில்லை, மூக்குக்கு வாசனை தெரிவதில்லை, பாதம் மரத்துப்போகிறது. பால், வெண்ணெய், மாட்டிறைச்சி, சில மீன்கள் கூடாது, மற்றதை வயிறார சாப்பிடுங்கள் என்றார். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் அண்ணன் காதில் ஏறவில்லை. "கொஞ்சம் தின்னா கொஞ்சம் சேரும். ஒண்ணுமே தின்னலன்னா எங்கேருந்து சேரும்?" என்று தட்டைத் தள்ளிவிட்டான். கெஞ்சினேன், திட்டினேன். பிடிவாதத்துக்கென்றே பிறந்தவன். அவன் இளைக்க இளைக்க, வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் புகழ்ந்து வேறு தள்ளினார்கள். போன வாரம் கால் இரண்டும் நிற்கவில்லை.

"சாப்பிடலன்னா உடம்பு தன் கொழுப்பையே கரைக்கும்மா," என்றார் டாக்டர். "அதுல வருஷக்கணக்கா பதுங்கியிருந்த அந்த எரியாத கொழுப்பெல்லாம் இப்போ ரத்தத்துல இறங்கிருச்சு. ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணணும்."

"கால் திரும்ப வருமா டாக்டர்?"

"முதல்ல சாப்பிடட்டும்."

நான் கேட்டதற்கு அது பதிலில்லை. தின்றாலும் வினை, தின்னாவிட்டாலும் வினை என்றால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வான்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வார்டில் குழைந்த வெறும் சோறு கொடுத்தார்கள். கரண்டியில் அள்ளி நீட்டினேன். அண்ணன் உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"இதுல பாலு கலக்கலையே?"

"வெறும் சோறுண்ணா."

"எனக்குத்தான் எந்த வாசனையும் தெரியறதில்லையே. நீ மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். "ஒண்ணுமில்ல."

"இன்னொரு தடவை பாரும்மா."

என்னை அதட்டியே வளர்த்தவன், என் மூக்கையே பார்த்துக்கொண்டு, பயந்து பயந்து வாயைத் திறந்தான்.