அம்மை வீட்டில் தாளிப்பு வாசனை

கண்ணம்மாவின் வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. உறை மோருக்காக டம்ளருடன் வந்த பக்கத்து வீட்டு முனியம்மா அதைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா கண்ணம்மா, யாருக்கு?"

"எங்க அக்காவுக்குத்தான். ஆவடியிலேர்ந்து வந்திருந்தா. வந்த இடத்துல அம்மை போட்டுடுச்சு."

"ஆத்தா வந்துகீறா. குளுமையா வெச்சுக்கோ. மோரு வாணாம், இந்த ஊட்லேர்ந்து எதுவும் வாங்கக் கூடாது."

திரும்பிய முனியம்மாவின் மூக்கை உள்ளிருந்து வந்த வாசனை பிடித்து நிறுத்தியது. கடுகு, பூண்டு, அதோடு கருவாட்டுக் குழம்பு. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அம்மை வீட்டில் யாரும் தாளிக்க மாட்டார்கள். அவர்கள் ஊரான வேப்பம்பட்டில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. அவள் கண்ணம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணம்மா தரையைப் பார்த்தாள். முனியம்மா வெறும் டம்ளரோடு போய்விட்டாள். ஆனால் அன்றிரவு முழுக்க அந்த வாசனையையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

உள் அறையில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த பத்மாவுக்கு அம்மையும் இல்லை, ஜுரமும் இல்லை. மோவாயிலிருந்து உச்சந்தலை வரை கட்டு. கண்ணுக்குக் கீழே நாவல் பழ நிறத்தில் கன்றிப்போன தோல். காதைத் தொட்டால் யாருடைய காதையோ தொடுவது போல மரத்திருந்தது. அன்று மதியம்தான் கீழ்ப்பாக்கத்து மருத்துவமனையிலிருந்து முக்காடு போட்டுக்கொண்டு தங்கையுடன் வந்து சேர்ந்திருந்தாள்.

எல்லாம் ஆயுத பூஜையன்று ஆரம்பித்தது. பாதுகாப்புத் தொழிற்சாலைக்குள் குடும்பத்தாரை அனுமதிக்கும் ஒரே நாள் அது. கணவர் குணசேகரனின் இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள் பத்மா. அப்போது பேபி என்ற புது அப்ரண்டிஸ் பெண் பொரிப் பொட்டலத்தை நீட்டி, "சார், இவங்க உங்க அக்காவா?" என்று கேட்டாள். குணசேகரன் சிரித்தார். பிறகுதான், "என் ஒய்ஃப்மா" என்றார்.

சிரித்ததற்கும் சொன்னதற்கும் இடையே இருந்த அந்தச் சின்ன இடைவெளியில் பத்மா மாதக்கணக்கில் குடியிருந்தாள். ஏன் சிரித்தார்? அவருக்கும் அப்படித்தான் தோன்றுகிறதா? ஓவர்டைம் என்று தாமதமாக வரும் நாட்களில் அவர் சட்டையை முகர்ந்து பார்த்தாள். எண்ணெய் வாசனைதான் வந்தது. எண்ணெய் வாசனை மட்டும் வருவதும் சந்தேகமாக இருந்தது. கண்ணாடி முன் நின்று கன்னத்தை இரண்டு விரலால் காதுப்பக்கம் இழுத்துப் பார்ப்பாள். விரலை எடுத்ததும் கன்னம் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஒரு பெண்கள் பத்திரிகையில் முகத் தோலை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் படித்தபோது, விரலை எடுக்காமலே இருந்துவிடலாம் என்றுதான் அவளுக்குப் புரிந்தது.

மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. நெற்றியோர முடிக்குள் தொடங்கி, காதின் முன்னால் இறங்கி, மடலைச் சுற்றிப் பின்முடிக்குள் போகும் வெட்டு என்று படம் வரைந்தே காட்டினார்.

"வெறும் தோலை மட்டும் இழுத்துத் தைச்சா சீக்கிரமே தொங்கிடும். அதனால அடியில இருக்கிற படலத்தையும் இழுத்துத் தைப்போம். மிச்சத் தோலை வெட்டி எடுப்போம். வீக்கமும் கன்றலும் ரெண்டு மூணு வாரம் இருக்கும். மரத்துப்போனது சரியாக மாசக்கணக்கில ஆகலாம். தலையை உயரமா வச்சுப் படுக்கணும், குனியக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் திடீர்னு புடைச்சு வலிச்சா உள்ளே ரத்தம் கட்டுதுன்னு அர்த்தம். எந்த நேரமானாலும் வந்துடணும். வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும் டாக்டர், வெளியூர்ல இருக்கார்" என்றாள் பத்மா.

அம்மை என்று சொல்லும் யோசனை கண்ணம்மாவுடையது. அம்மை என்றால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தலைத்தண்ணி ஊற்றும் வரை வரவேண்டாம் என்று குணசேகரனுக்கும் சொல்லியனுப்பியாயிற்று.

ஞாயிறு காலை பத்மாவின் இடது கன்னம் புடைத்தது. முதலில் இறுக்கம், பிறகு காதுக்குள் குத்தல். கட்டு சதையில் பதிந்தது. அவளுக்கு மருத்துவரின் வார்த்தை நினைவுக்கு வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க ஆட்கள். அம்மை போட்டவள் எப்படி ஆட்டோ ஏறுவாள்?

"அக்கா, டாக்டர்கிட்ட போயிடலாமா?"

"வேணாம்டி. வெளியில வந்தா எல்லாம் தெரிஞ்சிடும். அவருக்குப் போயிடும். வீக்கம்தானே, உப்பு ஒத்தடம் குடு."

கண்ணம்மா வாணலியில் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தினாள். மரத்த தோலுக்குச் சூடு தெரியவில்லை. வீக்கம் மட்டும் ஏறியது. தோல் பளபளவென்று கறுத்தது. அவள் இரண்டாம் முறை உப்பு வறுக்கும் சத்தத்தில் பின்கதவு படாரென்று திறந்தது.

"அம்மை ஊட்ல உப்பு வறுக்கிறியா நீ? நேத்து கருவாடு, இன்னிக்கி உப்பா? இன்னாடி நடக்குது உள்ள?"

கண்ணம்மா மறிப்பதற்குள் முனியம்மா அறைக்குள் போய்விட்டாள். பத்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள். அதே நேரம் முன்வாசலில் செருப்புச் சத்தம். கையில் இளநீரோடு குணசேகரன் நின்றார். முந்தின நாள் மாலை உடன் வேலை செய்யும் ஜேம்ஸ், "சிஸ்டரை மத்தியானம் கீழ்ப்பாக்கத்துல பார்த்தேன், முக்காடு போட்டுக்கிட்டு ஆட்டோல ஏறினாங்களே" என்று சொல்லியிருந்தார். அம்மை போட்டவளுக்குக் கீழ்ப்பாக்கத்தில் என்ன வேலை? யாரைப் பார்க்கப் போனாள்? சந்தேகத்தை மறைக்கத்தான் அந்த இளநீர்.

"வா நைனா, வா. பொண்டாட்டி மூஞ்சிய இப்டி ஒடச்சி அனுப்பிட்டு எளநி தூக்கிகினு வர்றியா? போலீசுக்கு ஆளு அனுப்பறேன் இரு!"

"நானா? நான் தொட்டதுகூட இல்லம்மா! பத்மா, யார் அடிச்சது? கீழ்ப்பாக்கத்துல யாரைப் பார்க்கப் போனே?"

"அவரு அடிக்கல" என்றாள் பத்மா. வாய் கோணிக்கொண்டு வந்தது. "யாரும் அடிக்கல. ஆப்ரேஷன். நான்தான் பண்ணிக்கிட்டேன். உங்களுக்கு அக்கா மாதிரி இருக்க வேணாம்னு..."

குணசேகரன் இளநீரைத் தரையில் வைத்தார். முனியம்மா அவரைப் பார்த்துக் கத்தினாள்.

"பேச்செல்லாம் அப்பால. யோவ், அவள புடி! தலைய தொங்க வுடாத. நான் சுலைமான் ஆட்டோவ இட்டாறேன்."

மருத்துவர் தையலைப் பிரித்து, கட்டியிருந்த ரத்தத்தை எடுத்து, கசிந்த நாளத்தைக் கட்டினார். வெளியே வந்தவரின் குரலில் கோபம் இருந்தது. "ஒத்தடச் சூட்டுல ரத்தம் இன்னும் பெருகிடுச்சு. வீங்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா ஒண்ணுமே இல்ல. இப்ப காதுக்குப் பின்னால கொஞ்சம் தோல் கெட்டுப்போச்சு. தழும்பு நிக்கும். இன்னும் விட்டிருந்தா கன்னமே போயிருக்கும். தையல் ஆறுற வரைக்கும் சிரிக்கக்கூடக் கூடாது."

குணசேகரன் கட்டிலருகே உட்கார்ந்தார். அவள் கன்னத்தில் மெல்ல விரல் வைத்தார். மரத்த கன்னத்துக்கு அது தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டப்ப எனக்கு வெக்கமா போச்சு பத்மா. உனக்கு வலிக்குமேன்னு, சிரிச்சு மழுப்பினேன்."

"நீங்க கேலி பண்ணினீங்கன்னு நினைச்சேன். கேட்டிருக்கலாம். கேட்கல."

"நானும் நேத்து ராத்திரி பூரா உன்னை என்னென்னவோ நினைச்சேன்."

வீடு திரும்பியபோது வேப்பிலை வாசலில் வாடித் தொங்கியது. முனியம்மா அதைப் பிடுங்கி எறிந்தாள்.

"உன் மூஞ்சி, உன் இஷ்டம். ஆப்ரேசன் பண்ணிக்கினது தப்புன்னு நான் சொல்லல. ஆனா கட்டினவன்கிட்ட கேக்க வேண்டியத கத்திகிட்ட கேட்டா எப்டி? ஒடம்ப அறுத்துக்கினு ஊட்ல பொய் சொல்லாதம்மா. வேப்பெல கட்டினா மனுசங்க மட்டுமா வராம போவாங்க? ஒதவியும்தான் வாசல்லயே நின்னுரும்."

பத்மா சிரிக்கப் போனாள். தையல் இழுத்தது.

"சிரிக்காத! டாக்டரு சொன்னாருல்ல?" என்ற முனியம்மா, டம்ளரைக் கண்ணம்மாவிடம் நீட்டினாள். "இப்பவாவது உறை மோரு குடு."